கண்ணகி சேலைக்கு என்ன கலர்?

ஆகஸ்ட் மாதம் நெருங்கினால் ஆஸ்திரேலியாவில் பிள்ளை வளர்க்கும் நம்மாட்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். காரணம், புக் வீக். 1945-லிருந்து நடக்கும் சமாச்சாரம் இது. பிள்ளைகள் ஏதாவது ஒரு புத்தகத்தில் வரும் ஆளாக வேஷம் கட்டி, கையில் அந்தப் புத்தகத்தோடு பள்ளி மைதானத்தில் ஒரு சுற்று வரவேண்டும். கடையில் ஹாரி பாட்டர் அங்கி ரெடிமேடாகக் கிடைக்கும், வாங்கி மாட்டி அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. மெல்பர்னில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது, பத்து வயது மகள் "இந்த வருஷம் நான் கண்ணகி" என்று சொல்லும் வரை.

கண்ணகி அங்கி எந்தக் கடையில் கிடைக்கும் சொல்லுங்கள்? தங்கமணிக்கு ஆஸ்பத்திரியில் அந்த மாதம் முழுக்க நைட் ஷிஃப்ட். ஆக, தைக்கும் பொறுப்பு ரங்கமணி தலையில். எனக்குத் தெரிந்த தையல் சட்டைப் பித்தான் தைப்பது மட்டும். பக்கத்துத் தெருவில் ஒருவர் பழைய ஜனோம் மெஷினை மலிவாகக் கொடுத்தார். பாபினில் நூல் சுற்றி, கிழிந்த தலையணை உறையில் நேர்கோடு அடித்துப் பழகவே ஒரு சனிக்கிழமை போயிற்று.

இந்த மாதிரி வேஷத்துக்கு இப்போது காஸ்ப்ளே என்று பெயர். 1980களில் ஜப்பான்காரர்கள் உண்டாக்கிய சொல். சொல்தான் புதுசு, வேலை நமக்குப் பழசு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். நான் பிறந்தது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா. 1956 நவம்பர் 1-ம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது கேரளாவுக்குள் வந்துவிட்ட தமிழ் பேசும் ஊர்கள் அங்கே நிறைய. சித்தூர் பகவதி கோயிலில் மாசி மாதம் கொங்கன் படை என்று ஒரு திருவிழா நடக்கும். படையெடுத்து வந்த கொங்கு ராஜாவை பகவதி துணையோடு ஊர் மக்கள் தோற்கடித்த கதை. தமிழ் பேசும் நாங்களும் கூட்டத்தோடு நின்று ஆரவாரம் செய்வோம், தோற்றுப்போனவன் யாரென்று யோசிக்காமலே!

அதே மாவட்டத்தில் வெள்ளினேழி என்று ஒரு கிராமம். கதகளி ஆட்டக்காரர்களுக்கும், கதகளிக் கிரீடமும் நகைகளும் செய்பவர்களுக்கும் பேர்போன ஊர். லேசான குமிழ மரத்தில் கிரீடம் செதுக்கி, ஜிகினாவும் கண்ணாடியும் ஒட்டுவார்கள். கதகளியில் உடுப்பைப் பார்த்தே ஆள் யாரென்று சொல்லிவிடலாம். முகம் பச்சை என்றால் நளன், அர்ச்சுனன் மாதிரி நல்லவன். பச்சையில் மீசைபோலச் சிவப்பு வரைந்து மூக்கு நுனியில் வெள்ளைக் குமிழும் இருந்தால் ராவணன், கீசகன் வகை. முழுக்கக் கறுப்பு என்றால் அரக்கி. சந்தேகத்துக்கே இடமில்லை.

கண்ணகிக்கு அப்படி ஒன்றும் கிடையாதே! மகள் கேட்ட முதல் கேள்வியே "அப்பா, அவ சாரி என்ன கலர்?" என்பதுதான். 1942-ல் கண்ணாம்பா நடித்த 'கண்ணகி' கறுப்பு வெள்ளை. 1964-ல் விஜயகுமாரி நடித்த 'பூம்புகார்' படமும் கறுப்பு வெள்ளை. மெரினாவில் 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்து, 2001 டிசம்பரில் எடுத்து, 2006-ல் திரும்ப வைத்த சிலையைப் பார்த்தாலும் கலர் தெரியாது. விரித்த கூந்தல், கையில் ஒற்றைச் சிலம்பு, இரண்டும் எல்லாருக்கும் மனப்பாடம். சேலையைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

சரி, பெரியவர்களைக் கேட்போம் என்று வாட்ஸப்பில் இரண்டு பாட்டிகளையும் சேர்த்துப் பிடித்தோம். சித்தூரிலிருந்து என் அம்மா, அதாவது மகளுக்கு அப்பத்தா. இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாரிலிருந்து என் அத்தை, அதாவது தங்கமணியின் அம்மா, மகளுக்கு அம்மாச்சி. தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து கிள்ளியவர்.

"கசவு வச்ச வெள்ளைச் சேலை கட்டி உடு கண்ணு, சாமி மாதிரி இருப்பே" என்றார் அப்பத்தா.

"மதுரையில நடந்த கதைக்குக் கசவு எங்க வந்துச்சு? சுங்கிடிதான் சரி" என்றார் அம்மாச்சி.

எனக்குக் கொங்கன் படை ஞாபகம் வந்துவிட்டது. மகள் அமைதியாக ஒரு பாயிண்டைப் பிடித்தாள். "அவ ஊரு பூம்புகார். மதுரைக்கு வந்த கொஞ்ச நாள்லயே எல்லாம் நடந்துடுச்சு. வீட்ல இருந்து எடுத்துட்டு வந்த சாரிதானே கட்டியிருப்பா? அதுவும் அழுக்கா இருக்கும்ல?" பாட்டிகள் இருவரும் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, சாயம் போடாத நூல் சேலை, சின்னதாகச் சிவப்புக் கரை என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த கேள்வி, எப்படிக் கட்டுவது? கொசுவத்தைத் தைத்துவைத்த ரெடிமேட் சேலை என் திட்டம். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 85 சென்டிமீட்டர் என்று குறித்துவைத்திருந்தேன். அம்மாச்சி விடவில்லை.

"ஏன் மாப்ள, அவ மதுரையில இருந்து மலைக்கு நடந்து வந்தவ. தரையைக் கூட்டுற மாதிரி கொசுவம் வச்சா எப்படி ஏறுவா? தடுக்கி விழமாட்டாளா? அட்டை கடிக்காதா?"

இதை நான் எந்த உரையிலும் படித்ததில்லை. வைகைக் கரையோரமாகவே மேற்கே நடந்து, மலையேறி, வேங்கை மரத்தடியில் வந்து நிற்கிறாள் கண்ணகி. மதுரை எரிந்த பதினாலாம் நாள் கோவலனோடு விண்ணுக்குப் போகிறாள். பார்த்தவர்கள் குறவர்கள். அவர்கள் போய்ச் சேரன் செங்குட்டுவனிடம் சொல்லும்போது அவன் இருந்தது பேரியாற்றங்கரையில். இடுக்கி மாவட்டமும் தேனி மாவட்டமும் சேரும் எல்லையில், பெரியார் புலிகள் காப்பகத்துக்குள், சுமார் 1,337 மீட்டர் உயரத்தில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. வருஷத்தில் சித்ரா பௌர்ணமி ஒரே ஒரு நாள்தான் மக்களை விடுவார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம், கூடலூர் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்து ஏறலாம். அம்மாச்சி பல தடவை போய் வளையல் வைத்துக் கும்பிட்டவர். அந்தப் பாதையில் சேலை கட்டி நடப்பது எப்படி என்று அவருக்குத் தெரியாமல் எனக்கா தெரியும்?

அன்றைக்கு வீடியோவில் கட்டியே காட்டினார். சேலையைக் கெண்டைக்கால் வரை தூக்கிச் செருகி, முந்தானையை மார்பு வழியாக இழுத்து இடுப்பைச் சுற்றி வந்து, அதன்மேல் ஒரு கயிறு. கொழுந்து கிள்ளப் போகும்போது இதற்கு மேல் ஒரு முழுக்கைச் சட்டையும், பனி ஈரம் படாமலிருக்க இடுப்பைச் சுற்றிக் கனமான தார்ப்பாயும் வரும். மகள் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாச்சி தினமும் இப்படியா மலை ஏறினாங்க?" ஆமாம் என்றேன். அவளுக்கு அது புதுச் செய்தி. "டீ தோட்டத்தில் வேலை பார்த்தாங்க" என்று நாங்கள் ஒரு வரியில் சொன்ன விஷயம் அவள் கண்ணுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் தையல் சுலபமாகிவிட்டது. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்காக விவரமாகவே எழுதுகிறேன். ஐந்தரை மீட்டர் நூல் சேலையை முதலில் தண்ணீரில் அலசிக் காயவைத்து இஸ்திரி போடவேண்டும். நூல் துணி சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் அழக்கூட முடியாது. கீழ்ப்பாகத்துக்கு 230 சென்டிமீட்டர், முந்தானைக்கு 2 மீட்டர் தனியாக. 12 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு கொசுவத்துக்கு ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் துணி போகும், ஆறு கொசுவத்துக்கு ஒன்றரை மீட்டர். குத்தூசி போட்டு, இஸ்திரியில் அழுத்தி, மேலே பட்டி வைத்து ஒரே நேர்த்தையல். பட்டிக்குள் நாடா. நீளம் 85 இல்லை, 70 சென்டிமீட்டர். அடியில் 8 சென்டிமீட்டரை உள்ளே மடித்து ஓரம் அடித்தால், பிள்ளை வளர வளரப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம்.

ரவிக்கைதான் பயமுறுத்தியது. கை வெட்டு, கழுத்து வெட்டு எல்லாம் கற்றுக்குட்டிக்கு ஆகாத காரியம். அங்கே கைகொடுத்தது எங்கள் பாலக்காட்டுக் கதகளி. அந்தக் குப்பாயத்துக்கு முதுகுப் பக்கம் திறப்பு, நாடாவால் இழுத்துக் கட்டுவார்கள். ஒரே குப்பாயம் ஒல்லி ஆட்டக்காரருக்கும் பொருந்தும், தடித்தவருக்கும் பொருந்தும். நானும் முன்பக்கம் ஒரே துண்டாக வெட்டி, முதுகில் மூன்று ஜோடி நாடா வைத்துவிட்டேன். உள்ளே முழுக்கைப் பனியன். மெல்பர்னில் ஆகஸ்ட் குளிர்காலமாயிற்றே, கண்ணகிக்கும் ஜலதோஷம் பிடிக்கும்.

அழுக்குக்கு என்ன வழி? அதையும் அம்மாச்சியே சொன்னார். "டீ கறை பட்டா போகவே போகாது, அதுல முக்குங்க." போன தடவை ஊரிலிருந்து அவர் கட்டிக்கொடுத்த தேயிலைத்தூள் வீட்டில் இருந்தது. ஐந்து லிட்டர் வெந்நீரில் நூறு கிராம் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டினோம். முதலில் அடிக்கரையை மட்டும் அரை மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே இறக்கிக் கடைசியில் முழுத் துணியும் ஐந்து நிமிஷம். கீழே மண் நிறம், மேலே போகப் போக வெளுப்பு. நடந்து வந்த சேலை மாதிரியே இருந்தது. வீடு முழுக்க எஸ்டேட் வாசனை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த தங்கமணி வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டார்.

சிலம்பு மகளின் கைவேலை. மீன்தொட்டிக்குப் போடும் கண்ணாடிக் குழாயை வளைத்து ஒட்டி, பாதிக்குத் தங்கப் பெயிண்ட், உள்ளே சிவப்பு மணிகள். பாண்டிமாதேவி சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். வழக்கே அதுதானே! ஆட்டினால் சிவப்பு தெரியவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தாள்.

அந்தச் சாக்கில் நீதி கேட்கும் பேச்சும் வந்தது. 2015 செப்டம்பரில் மூணாறில் தோட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். 10 சதவீதமாகக் குறைத்த போனஸை 20 சதவீதமாகத் தரச்சொல்லிக் கேட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் கிட்டே சேர்க்கவில்லை. ஒன்பது நாளில் ஜெயித்தார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர். அம்மாச்சி அதை டிவியில் பார்த்துக்கொண்டே இருந்தாராம். மகளுக்குச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அவங்களும் சாரியை இப்படித்தான் கட்டியிருந்தாங்களா?"

பாலக்காடு, இடுக்கிப் பக்கத்துத் தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே நம்மைப் பாண்டி என்பார்கள், கோயமுத்தூர் வந்தால் மலையாளத்தான் என்பார்கள். இங்கே வந்தால் வெறும் இந்தியன். "நாம எந்த ஊரு?" என்று மகள் கேட்கும்போதெல்லாம் நான் வரைபடத்தைத் திறந்து விரலால் கோடு போட்டுக்கொண்டிருப்பேன். இந்தத் தடவை அவளே வழி கண்டுபிடித்துவிட்டாள். அணிவகுப்பு அன்று கையில் ஆர். பார்த்தசாரதியின் 1993 ஆங்கில மொழிபெயர்ப்பு. இந்தப் பெண் எந்த ஊர் என்று டீச்சர் கேட்டதற்கு, "சோழ நாட்டுல பிறந்தா, பாண்டிய நாட்டுல நியாயம் கேட்டா, சேர நாட்டு மலையில சாமி ஆனா. மூணுமே அவ ஊருதான்" என்று ஆங்கிலத்தில் சொன்னாளாம். சாயங்காலம் வந்து தமிழில் எனக்குச் சொன்னாள்.

ஊருக்கும் எங்களுக்கும் அப்போது நாலரை மணி நேர வித்தியாசம். அம்மாச்சி மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் காத்திருந்தார். போட்டோ எல்லாம் அனுப்பினோம். அழகு, கலர், டீச்சர் சொன்னது எதையும் அவர் கேட்கவில்லை.

"புள்ள தடுக்காம நடந்தாளா மாப்ள?"

"நடந்தா அத்தை. ஓடவே செஞ்சா."

"அப்ப கட்டு சரிதான்" என்றார்.