முயலுக்கு வாழ்க்கைப்பட்டவள்

‘பெரியவர்களுக்கான கார்ட்டூன் படம்’ என்றதும் நம் மேன்ஷன் நண்பர்கள் ரூம் கதவைத் தாழ்போட எழுந்துவிடுவார்கள். அவசரம் வேண்டாம், உட்காருங்கள்.

‘ஹூ ஃப்ரேம்ட் ரோஜர் ராபிட்’ (1988) படத்தில் ஜெஸிகா என்று ஒரு கிளப் பாடகி. வெறும் கோடும் வண்ணமும்தான். ஆனாலும் அவள் நடந்து வந்தால் பாப்கார்ன் மெல்லும் வாய்கள் நின்றுவிடும். அவள் புருஷன் யார் என்கிறீர்கள்? ஒரு முயல்! ஏனம்மா என்றால், என்னைச் சிரிக்க வைக்கிறானே என்கிறாள். பெண் பார்க்கப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளவும்.

டைரக்டர் ராபர்ட் ஸெமெக்கிஸ். டிஸ்னி தன் பெயரைப் போடக் கூச்சப்பட்டு, ‘டச்ஸ்டோன்’ பானரில் வெளியிட்டது. முயலைக் கையால்தான் வரைந்தார்கள். ஓரிடத்தில் தொங்கும் விளக்கில் ஹீரோவின் தலை இடித்து விளக்கு ஆடும். அது ஆட ஆட, முயல்மேல் வெளிச்சமும் நிழலும் இடம் மாறும். பொறுமைசாலிகள்!

ஹீரோ பாப் ஹாஸ்கின்ஸ் பாடுதான் பரிதாபம். எதிரே முயல் கிடையாது. காமிராவுக்கு வெளியே முயல் வேஷத்தில் ஓர் ஆசாமி குரல் கொடுக்க, இவர் காற்றின் கழுத்தைப் பிடித்துத் திட்ட வேண்டும். அப்புறம் வீட்டிலும் இல்லாத உருவங்கள் தெரிய ஆரம்பித்ததாக அவரே பேட்டியில் சொன்னார். காலி நாற்காலியைப் பார்த்து ‘எஸ் சார்’ சொல்லிப் பழகிய நமக்குப் புரியாதா என்ன!

சரி, இதில் பெரியவர்கள் சமாசாரம் எங்கே? ஜெஸிகாவிடம் இல்லை. ஹீரோ எடியின் கூடப்பிறந்தவன் தலையில் ஒரு கார்ட்டூன் ஆசாமி பியானோவைப் போட்டுக் கொன்றிருக்கிறான். கார்ட்டூனில் தலையில் பியானோ விழுந்தால் தட்டையாகி, உதறிக்கொண்டு எழுந்து ஓடுவார்கள், நாம் கைதட்டுவோம். மனுஷன் எழுந்திருப்பதில்லை. அன்றிலிருந்து எடி குடிக்கிறான். சிரிப்பதில்லை.

என் அண்ணன் இறந்தபின் ஒரு வருஷம் எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. டீவியில் காமெடி வந்தால் யாராவது எழுந்து நிறுத்திவிடுவோம். சிரித்தால் அவனுக்குத் துரோகம் மாதிரி. ஒருநாள் சாதம் போட்டுக்கொண்டிருந்த அம்மா, அவன் சின்ன வயசில் பண்ணிய சேஷ்டை ஒன்றைச் சொல்லப்போய், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர். நாங்களும் சிரித்தோம்.

படக் கடைசியில் வில்லனின் அடியாட்களைச் சிரிக்க வைத்தே சாகடிக்க, அந்த உம்மணாமூஞ்சி எடி கோமாளி மாதிரி ஆடிப்பாடுகிறான். குழந்தைகள் அதைப் பார்த்துச் சிரிக்கும். வீட்டில் ஒரு சாவைப் பார்த்தவனுக்குத் தொண்டை அடைக்கும். அது பெரியவர்கள் படம்தான் சார்.