காலுக்கடியில் ஒரு கடைவீதி

முதலியார்பேட்டையிலிருந்து கடலூர்ச் சாலையிலே கிளம்பும் உல்லாசக் கூட்டம் நோணாங்குப்பம் சென்றுதான் நிற்கும். சுண்ணாம்பாற்றில் படகுண்டு, பாட்டுண்டு, பலகாரமுண்டு. வேண்டாமென்றுரைக்க நாம் துறவிகளல்ல! ஆயினும் வழியிலே, அரியாங்குப்பத்தில் இடப்புறம் திரும்புவோர் எத்தனை பேர்?

சென்ற ஞாயிறன்று மாணவர்களுடன் திரும்பினோம். காக்காயன்தோப்பு தாண்டி ஆற்றங்கரையில் அரிக்கமேடு. கோட்டையில்லை, கோபுரமில்லை, மரநிழலும், பிரெஞ்சுக்காரர் காலத்து இடிந்த செங்கற்சுவரும்தான்.

“ஐயா, இங்கே பார்க்க என்ன இருக்கிறது?” என்றான் ஒருவன்.

நியாயமான கேள்வி. பார்க்க வேண்டியது காலுக்கடியிலன்றோ கிடந்தது! 1945-இல் வீலர் அகழ்ந்தபோது இத்தாலி நாட்டுச் செந்நிற மட்கலங்களும், மதுச்சாடிகளும் வெளிப்பட்டன. ஏறத்தாழ 2000 ஆண்டுகட்கு முற்பட்டவை. கண்ணாடியிலும் கல்லிலும் மணி கோத்த தொழிலாளரின் கைவண்ணமும் கிடைத்தது. மன்னன் மாளிகையல்ல, உழைப்பாளியின் பட்டறை!

பானையோடுகளிலே பழந்தமிழ் எழுத்துகளும் இருந்தன என்றோம். பையன் நிமிர்ந்தான். “பானையிலா? எங்கள் பாட்டி இன்றும் கைநாட்டுத்தான் வைக்கிறார், ஐயா.”

அன்று பானையிலே எழுத்தைக் கீறிய கை. இன்று மைதொட்டு உருட்டப்படும் கை. இடையிலே எழுத்தைப் பறித்தவர் யார்? வகுப்பறையிலே பலமுறை சொல்லியும் எழாத கேள்வி, வெட்டவெளியிலே எழுந்தது.

காலடியில் தென்பட்ட ஓட்டை எடுக்க வேண்டாமென்றோம். அகழ்ந்தெடுத்தவற்றுள் சில புதுச்சேரி அருங்காட்சியகத்தில் உள்ளன. அடுத்த உலா அங்கே.

“பாட்டியையும் அழைத்து வரலாமா?” என்றான்.