மூன்று மாதச் சராசரி

சர்க்கரை இருக்கும் வீடுகளில் ஒரு சடங்கு உண்டு. ரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் இருக்கும்போதே வீடு விரதத்துக்குள் போய்விடும். காபியில் சீனி நின்றுவிடும். இரவில் இரண்டே இட்லி. காலையில் பாகற்காய் ஜூஸ். நான்காம் நாள் ரத்தம் கொடுத்து, "பரவால்ல, கன்ட்ரோல்ல இருக்கு" என்ற சொல்லை வாங்கிக்கொண்டு, திரும்பும் வழியில் அரைக் கிலோ மைசூர்பாகு. என் அப்பா இதை ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருந்தார்.

இந்தக் கலையை ஒழித்தது ஹெச்பிஏ1சி என்ற பரிசோதனை. ரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உயிர் வாழ்கிறது. அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் கொஞ்சம் கொஞ்சமாக அதிலுள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது அந்த அணு சாகும்வரை பிரியாது. மொத்த ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் இப்படிச் சர்க்கரை பூசியிருக்கிறது என்று எண்ணினால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் கதை வந்துவிடும். 5.7க்குக் கீழே இருந்தால் இயல்பு. 6.5ஐத் தொட்டால் நீரிழிவு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது திண்ணை. உள்ளேயும் இல்லை, தெருவிலும் இல்லை.

முப்பத்து மூன்று வயதில், அலுவலகத்தின் வருடாந்திரப் பரிசோதனையில் எனக்கு 5.9 வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் அப்பாவின் வலது கால் பெருவிரலை எடுத்திருந்தார்கள். செருப்பு கடித்த புண்தான். உணர்ச்சி மரத்த காலில் அது புண் என்று தெரிவதற்குள் எலும்பு வரை போயிருந்தது. எனவே 5.9 என்ற எண் திரையில் தெரிந்தபோது நான் பார்த்தது எண்ணை அல்ல. அந்தக் கட்டுப் போட்ட காலை.

பயந்தால் படிப்பது என் வழக்கம். முதலில் சிக்கியது சென்னையிலேயே நடந்த ஓர் ஆய்வு. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்டது. திண்ணையில் நின்ற 531 பேரை நான்காகப் பிரித்து ஏறத்தாழ மூன்று வருடம் கவனித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. தினமும் அரை மணி நேர நடை, அளவான சாப்பாடு என்று மாறிய குழுவில் அது 39 சதவீதம். மாத்திரை மட்டும் எடுத்த குழுவுக்கும் கிட்டத்தட்ட அதே பலன். நடையையும் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தபோது கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு இதில் பிடித்தது இன்னொரு விஷயம். நடந்தவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடை மெஷின் அசையாமல் நின்றபோதும் உள்ளே ஏதோ சரியாகிக்கொண்டிருந்தது.

ஆனால் அந்த 39 சதவீதமும் மனிதர்கள்தானே? நடந்தார்கள், அளவாகச் சாப்பிட்டார்கள், அப்படியும் வந்தது. ஆய்வு கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. 'எனக்கு வருமா?' என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது.

இதை எனக்கு இன்னும் நெருக்கமாகச் சொன்னது வேறொரு ஆய்வு. 1953இல் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவரும் அவரது குழுவும் லண்டன் பேருந்து ஊழியர்களை ஒப்பிட்டார்கள். நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. உடற்பயிற்சி அறிவியலின் முதல் கல் என்று இதைக் கொண்டாடுகிறார்கள். என் அப்பா முப்பது வருடம் அரசுப் பேருந்தில் நடத்துநர். நெரிசலில் முன்படிக்கும் பின்படிக்கும் நடந்தே தேய்ந்த கால்கள் அவை. அவருக்குத்தான் நாற்பத்தைந்தில் சர்க்கரை வந்தது.

காரணம் தேடினால் கிடைக்காமல் இல்லை. ஒவ்வொரு சிங்கிள் முடிவிலும் சீனி தூக்கலாக ஒரு டீ, கூடவே ஒரு வடை. மாறி மாறி வரும் ட்யூட்டியில் பாதித் தூக்கம். தாத்தாவுக்கும் சர்க்கரை. மோரிஸே சில வருடங்கள் கழித்துச் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு வேலைக்குச் சேரும்போதே பெரிதாக இருந்திருக்கிறது. அதாவது, வேலை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடவில்லை. நடை உதவும். நடை மட்டும் காப்பாற்றும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இந்தத் தெளிவு வந்த பிறகு எண்களின் மீதிருந்த பக்தி குறைந்தது. பத்தாயிரம் காலடி என்கிறார்களே, அது ஆய்வகத்தில் பிறந்தது அல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த வருடம், 1965இல், ஜப்பானில் ஒரு நிறுவனம் காலடி எண்ணும் கருவி ஒன்றை விற்றது. 'மன்போ கெய்', பத்தாயிரம் அடி மானி என்று பெயர். விற்பனைப் பெயர் உலக விதியாகிவிட்டது. 2019இல் சராசரி வயது 72 உள்ள அமெரிக்கப் பெண்களிடம் செய்த ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு நன்றாகவே குறைந்திருந்தது. 7,500க்கு மேல் போனால் கூடுதல் பலன் தெரியவில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு, மீதமிருக்கும் 1,200 அடிக்காக ஹாலில் சுற்றி வரும் என் நண்பர்களுக்கு இதை அனுப்பினேன். யாரும் நிறுத்தவில்லை. வாட்ச் அதிரும் சுகம் அப்படி.

நான் வைத்துக்கொண்டது சின்ன ஏற்பாடு. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடியில் பதினைந்து நிமிடம். தசை சுருங்கி விரியும்போது இன்சுலினின் தயவை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்கிறது. அதனால் சாப்பிட்டதும் நடப்பது, சர்க்கரை ஏறும் நேரத்திலேயே அதை வாசலில் மடக்குவது மாதிரி. வாரம் மூன்று நாள் உட்கார்ந்து எழும் பயிற்சியும் சுவரில் கை ஊன்றித் தண்டாலும். உடம்பில் குளுக்கோஸுக்கான பெரிய கிடங்கு தசைதான். கிடங்கு பெரிதானால் சரக்கு தெருவில் நிற்காது.

சாப்பாட்டில் அம்மாவோடுதான் பேச்சுவார்த்தை. "ராத்திரி சப்பாத்தி போட்டுடறேன், சர்க்கரைக்கு நல்லது" என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஐந்து சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் சேர்ந்தால் சோற்றைத் தோற்கடித்துவிடும். கேழ்வரகும் அப்படித்தான். நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். பிரச்சினை தானியத்தின் ஜாதியில் இல்லை, அளவில் இருக்கிறது. அதனால் அரிசியை நாடு கடத்தவில்லை. தட்டில் பாதி கீரையோ பொரியலோ, கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் என்று ஏதாவது ஒன்று, மீதிக் கால் பங்கு சோறு. குழம்பு அதே குழம்புதான். இரண்டு வாரம் கழித்து அம்மாவே சொன்னாள்: "சோறு வடிக்கறது கொறஞ்சுபோச்சு, காய் நறுக்கறதுதான் வேலை." பிறகு காய் நறுக்குவது என் வேலையானது.

உடம்பைவிடக் கடினமாக இருந்தது வீட்டின் மனசு. ஒருவருக்குச் சர்க்கரை வந்தால் வீடு மெல்லக் காவல் நிலையமாகிவிடும். எங்கள் வீட்டில் அம்மா இன்ஸ்பெக்டர். அப்பா பழைய குற்றவாளி. "இன்னிக்கு என்ன தின்னீங்க?" என்பதைத் தவிர இருவருக்கும் இடையே பேச்சே இல்லாமல் போன வருடங்கள் உண்டு. அவர் பொய் சொல்லக் கற்றார். அவள் சட்டைப்பை சோதிக்கக் கற்றாள். விரலை எடுத்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா அழுதபடி, "நான் இன்னும் கண்டிச்சிருக்கணும்" என்றாள். கண்டிப்பில் ஒரு குறையும் இருக்கவில்லை. அந்த வீட்டில் பயப்படாமல் உண்மை சொல்ல ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான். நீரிழிவோடு வாழ்வதில் வரும் இந்தச் சோர்வை, குற்றவுணர்வை, மனச்சோர்வு நோயிலிருந்து பிரித்துத் தனியாகவே மருத்துவர்கள் இன்று கேட்டறிகிறார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர்கூட இருக்கவில்லை.

எனக்கு 5.9 என்று தெரிந்தபோது அம்மாவின் கண்ணில் அந்த இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தாள். அவளைத் தடுத்து நிறுத்தியது, ஆச்சரியம்தான், அப்பா. ஹெச்பிஏ1சி என்றால் மூன்று மாதச் சராசரி, ஒரு நாளை அது தனியாகப் பார்க்காது என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப கலெக்‌ஷன் மாதிரிம்மா. ஒரு சிங்கிள் காலியா ஓடும். அதுக்காக வண்டிய நடுவழில நிறுத்திட்டா போறோம்? டெப்போல சாயங்காலம்தான் கணக்கு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினசரி விசாரணை ரத்து. கல்யாண வீட்டுப் பாயசத்தை அப்பா எல்லோர் முன்னிலையிலும் அரை டம்ளர் குடிக்கிறார். குடித்ததை அவரே சொல்கிறார். "இது காலி சிங்கிள்" என்கிறார். மறுநாள் வண்டி கிளம்பிவிடுகிறது. ஒரு நாள் தவறினால் எல்லாம் போச்சு என்று முழுப் பெட்டியையும் காலி செய்யும் அந்தப் பழைய வேகம் அவரிடம் இல்லை. தினமும் இரவு அம்மா அவர் பாதங்களை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம் ஏதாவது இருக்கிறதா என்று. அது சோதனைதான். ஆனால் அந்த நேரத்தில் இருவரும் ஊர்க்கதை பேசுகிறார்கள்.

ஆறு மாதம் கழித்து எனக்கு 5.7. அப்பாவுக்கு 8.8இலிருந்து 7.4. நான் இன்னும் திண்ணையில்தான் இருக்கிறேன், வாசற்படிக்குக் கொஞ்சம் தள்ளி. அவருக்குப் போன விரல் வரப்போவதில்லை. அந்த 39 சதவீதத்தில் நானும் ஒருத்தியாக இருக்கலாம் என்பதும் தெரியும். தெரிந்தும் ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறேன். இன்று என் உடம்பில் பிறந்த சிவப்பணுக்களுக்கு இன்னும் நான்கு மாதம் ஆயுள் இருக்கிறது. அவை ஒன்றிலும் போன வருடத்துச் சர்க்கரை இல்லை.