தொப்பூர் இறக்கம்

தேசிய நெடுஞ்சாலை 44-இல் தருமபுரியைத் தாண்டித் தெற்கே போகிறவருக்குத் தொப்பூர் கணவாய் மலைப்பாதையாகவே தெரியாது. கொண்டை ஊசி வளைவு கிடையாது. அகலமான சாலை, நடுவில் தடுப்பு, இருபுறமும் வறண்ட குன்றுகள். காரில் தனியாகப் போனால் இறங்குகிறோம் என்பதே உறைக்காது.

நாங்கள் தனியாகப் போகவில்லை. ஓசூரிலிருக்கும் என் மச்சான் தன் பெரிய எஸ்யூவிக்குப் பின்னால் படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் வைத்த கேரவன் ஒன்றைப் பூட்டியிருந்தான். சாமானோடு 1,700 கிலோ. காரும் நாங்களும் சேர்ந்தால் நாலு டன். மேட்டூரில் தங்கல்.

கிளம்பும் முன்பே வாக்குவாதம். எடுக்க வசதி என்று ஜெனரேட்டரையும் தண்ணீர் கேன்களையும் கேரவனின் வால்பக்கத்தில் அடுக்கியிருந்தான். இளமையில் மாட்டுவண்டி ஓட்டிய மாமனார் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பின்பாரம் ஏத்தினா நுகத்தடி தூக்கிக்கும்டா, எல்லாத்தையும் முன்னால தள்ளு" என்றார். கேரவன் தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கும் இதுவேதான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கி மேல் அழுந்த வேண்டும். எங்களுக்கு 170 கிலோவுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும், பிறகு காரையே ஆட்டும். அப்படி ஆடினால் பயத்தில் காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஆக்ஸிலேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, கேரவனுக்குத் தனி பிரேக் இருந்தால் அதை மட்டும் கையால் இயக்க வேண்டும். ஜெனரேட்டர் அச்சுக்கு முன்னால் போனது. தண்ணீரையும் கொட்டிவிட்டோம், மேட்டூரில் இல்லாத தண்ணீரா!

கணவாய்க்கு முன்பு டீ குடிக்க நிறுத்தியபோது கேரவனைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. சங்ககிரிக்காரர் ஒருவர், பல வருஷம் டிரெய்லர் ஓட்டி ஓய்ந்தவர், உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பூட்டையும் சங்கிலியையும் ஆட்டிப் பார்த்துவிட்டு மச்சானிடம் கேட்டார்: "தம்பி, எந்த கியர்ல எறக்கப் போறீங்க?" ஆட்டோமேடிக் என்றான். "மேனுவல்ல போட்டுக்குங்க. எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்லதான் எறங்கணும். எறங்க ஆரம்பிச்சப்புறம் மாத்தலாம்னு இருக்காதீங்க."

அவர் சொன்னதன் பின்னால் இருப்பது வெறும் கணக்கு. நாலு டன் 100 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமானால், சுமார் 13 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். 40 டன் லாரிக்கு அது 130 லிட்டர். அந்தச் சூடு அத்தனையும் சக்கரத்துக்குள் உள்ள டிரம்மில் இறங்கினால் லைனிங் பிடியை இழக்கும்; மிதி உள்ளே போகும், வண்டி நிற்காது. சின்ன கியரில் இறங்கினால் அந்த வேலையில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும்.

இது தெரிந்தும் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் உண்டு. எஞ்சினையே அணைப்பவர்களும் உண்டு. மிச்சம் என்பதே பொய்க்கணக்கு. இன்றைய எஞ்சின்களில், கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கினால் டீசல் வரத்தே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்கக் கொஞ்சம் குடிக்கும். அணைத்துவிட்டாலோ ஏர் பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரெசரும் நின்றுபோகும், மிதிக்க மிதிக்க இருப்புக் குறையும், பவர் ஸ்டியரிங் இறுகும். ஆனாலும் ஓட்டுநரை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. லிட்டர் கணக்கில் அவரைப் பிழிகிற முதலாளி இந்த இறக்கத்துக்கு வருவதே இல்லை.

இதே இறக்கத்தில் 2020 டிசம்பரில், முந்தைய விபத்தொன்றால் தேங்கி நின்ற வாகனங்கள் மேல் பாரலாரி மோதி நால்வர் இறந்தார்கள். 2024 ஜனவரியிலும் நால்வர். 6.6 கிலோமீட்டருக்கு உயர்மட்டச் சாலைத் திட்டம் வந்திருக்கிறது. சரிவும் வளைவும் குறையும், நல்லதுதான்.

மச்சான் இரண்டாவது கியரில் போட்டு, இடது ஓரத்தில், 30-ஐத் தாண்டாமல் இறக்கினான். எஞ்சின் உறுமியது. மாமனார் "ஏன்டா இப்படிக் கத்துது?" என்று பதறினார். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வராமல், வேகம் கூடும்போது அழுத்தமாக மிதித்துக் குறைத்து, உடனே விட்டுவிடுவான். பின்னால் ஹாரன் மேல் ஹாரன். முன்னால் போகிற லாரிக்கும் எங்களுக்கும் இடையில் நிறைய இடம் விட்டிருந்தோம். அதில் கார்கள் நுழைந்துகொண்டே இருந்தன, ஒவ்வொன்றுக்கும் மறுபடி பின்தங்க வேண்டியிருந்தது. இரட்டைப் பாலம் தாண்டித் தொப்பூரில் நிறுத்தி இறங்கி, சக்கரங்களின் பக்கத்தில் கை நீட்டிப் பார்த்தோம். வெதுவெதுப்பு, அவ்வளவுதான், தீய்ந்த வாடை இல்லை.

மேட்டூர் சாலைக்குத் திரும்பியதும் தைரியம் வந்துவிட்டது அவனுக்கு. "அடுத்து ஏற்காட்டுக்கு இழுத்துடலாமா மாமா?" என்றான். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. கேரவனைச் சேலத்தில் நிறுத்திவிட்டுக் காரில் ஏறலாம் என்றேன். மாமனார் அதற்கும் வேண்டாம், பஸ் போகிறதே என்றார்.