பின்னிருக்கையில் உபதேசியார்



சென்ற மாதம் சேகரக் கமிட்டி முடிந்து எல்லாரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, மூத்த அங்கத்தினர் ஒருவர் என் மோட்டார் சைக்கிளின் புதிய இருக்கையைத் தட்டிப் பார்த்தார். "கால்டுவெல் ஐயர் சென்னையிலிருந்து நடந்தே வந்தார், நம்முடைய ஐயருக்கு வண்டியிலும் மெத்தை வேண்டியிருக்கிறது" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவர் என்மேல் மிகுந்த அன்புள்ளவர், வேடிக்கையாகவே சொன்னார். ஆயினும் அந்த வேடிக்கைக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. ஊழியக்காரன் தன் சரீரத்தின் சௌகரியத்துக்காகப் பணத்தையும் நேரத்தையும் செலவிடலாமா? இவ்வாரம் அதைக் குறித்தே எழுதுகிறேன். உங்களில் பலர் நாள்தோறும் வண்டியில் நெடுந்தூரம் வேலைக்குப் போகிறவர்களாகையால், இருக்கையைக் குறித்தும் சற்று விரிவாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கால்டுவெல் நடந்து வந்தது மெய்தான். 1841-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து புறப்பட்டு, தஞ்சாவூர், நீலகிரி என்று சுற்றிக்கொண்டு, அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை வந்தடைந்தார். அக்காலத்து ஐரோப்பியர் பல்லக்கில் செல்வதே வழக்கம். அவரோ வழிநெடுக மக்களையும் அவர்களுடைய பேச்சையும் பழக்கவழக்கங்களையும் அறிந்துகொள்ளவேண்டும் என்று நடந்தார். பாதத்தில் எழும்பும் கொப்புளங்களுக்காக அவர் நடக்கவில்லை. பல்லக்குக்குள் இருந்தால் காணமுடியாத மனிதரைக் காண்பதற்காக நடந்தார். அந்த மூத்த சகோதரருக்கு நான் சொல்லக்கூடிய மறுமொழியும் ஏறக்குறைய இதுவே.

நம் சேகரத்தின் சபைகள் வள்ளியூருக்கும் கடற்கரைக்கும் இடையே சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உள்ள தூரம் பெரிதல்ல. ஆனால் காலையில் படுக்கையிலிருக்கும் ஒரு தாயாருக்கு வீட்டில் நற்கருணை, நண்பகலில் நாகர்கோவில் மருத்துவமனையில் ஒரு நோயாளி, மாலையில் திசையன்விளைப் பக்கம் ஒரு துக்க வீடு என்று ஒரு நாள் அமைந்துவிட்டால், 120 கிலோமீட்டருக்குக் குறையாது. மூன்றாம் மணி நேரத்தில் வாலெலும்பு எரியும், விரல்கள் மரத்துப்போகும், பிடரி கனக்கும். அந்நிலையில் துக்க வீட்டுத் திண்ணையில் போய் அமர்கிறவனுடைய சரீரம் அங்கே இருக்கும். மனமோ எப்போது எழுந்து காலை நீட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும். துக்கத்தில் இருப்பவர்கள் இதை வெகு சீக்கிரத்தில் கண்டுகொள்வார்கள். பேச்சைச் சுருக்கிக்கொள்வார்கள். "களைத்துப்போயிருக்கிறீர்கள் ஐயா, ஜெபித்துவிட்டுப் புறப்படுங்கள்" என்பார்கள்.

சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று படுத்திருந்த எலியாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவனிடம் வந்த தூதன் முதலில் கடிந்துகொள்ளவும் இல்லை, பிரசங்கிக்கவும் இல்லை. தலைமாட்டில் சுட்ட அப்பமும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடச் சொன்னான். அவன் மறுபடியும் உறங்கியபோது மறுபடியும் எழுப்பி உண்ணச் சொன்னான். போகவேண்டிய வழி நெடியது என்பதே அதற்குக் காரணம். பயணம் செய்யும் சரீரத்தைக் கவனிப்பது ஊழியத்துக்கு வெளியே உள்ள காரியமாக அங்கே எண்ணப்படவில்லை.

இனி இருக்கைக்கு வருகிறேன். வண்டி வாங்கும்போது நாம் விரலால் அழுத்திப் பார்க்கிறோம். மெத்தென்று அமிழ்ந்தால் நல்லதென்று திருப்தியடைகிறோம். அந்த மென்மை முதல் அரை மணி நேரத்துக்கே உதவும். நாம் அமரும்போது பாரமெல்லாம் இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகளின்மேல் இறங்குகிறது. மென்மையான ஃபோம் அவ்விடத்தில் நசுங்கித் தட்டையாகிவிட, கடைசியில் அடியிலிருக்கும் பிளாஸ்டிக் பலகையின்மேலேயே உட்கார்ந்ததுபோல ஆகிறது. சற்று இறுக்கமான ஃபோம், போதிய அகலத்தோடு இருந்தால், அப்பாரத்தைத் தொடை வரைக்கும் பங்கிட்டுவிடும். கையால் தொட்டால் கடினமாகத் தோன்றுவதே 80 கிலோமீட்டருக்குப் பின் இதமாக இருக்கிறது. சரிவையும் பார்க்கவேண்டும். இருக்கை பெட்ரோல் டாங்கை நோக்கிச் சரிந்திருந்தால், ஒவ்வொரு பிரேக்குக்கும் உடல் முன்னே வழுக்கும். அதைத் தடுக்க நம்மையறியாமலே கைகளை ஊன்றுவோம். மணிக்கட்டு வலி அங்கேதான் பிறக்கிறது.

நான் போன குஷன் கடைக்காரர் தம் தொழிலை நேசிப்பவர். அளவுநாடாவை எடுப்பதற்கு முன்பே என்னை வண்டியில் ஏறி அமரச் சொன்னார். வழக்கமாக அணியும் காற்சட்டையோடு, கால்களை ஃபுட்ரெஸ்டில் வைத்து, கைகளை ஹேண்டில்பாரில் வைத்தபடி பத்து நிமிஷம் உட்கார வைத்தார். சுற்றிச் சுற்றி வந்து சாக்கட்டியால் குறியிட்டார். பின்பு பழைய உறையை உரித்து, முன்சரிவை ஆக்ஸா பிளேடால் அறுத்துச் சமப்படுத்தி, அடியில் ரீபாண்ட் ஃபோமும் மேலே விரற்கடை அளவுக்கு மென்மையான ஃபோமும் வைத்து ஒட்டினார். ரெக்சின்மேல் வைரக்கட்டத் தையல் போடட்டுமா என்று அவருடைய உதவியாளன் கேட்டபோது அவரே தடுத்துவிட்டார். பார்வைக்கு அழகுதான், ஆனால் மழைக்காலத்தில் ஊசித்துளைகளின் வழியே நீர் இறங்கி, இருக்கை பல நாள் ஈரத்தோடே கிடக்கும். உட்காரும் இடத்தில் தையலே வரக்கூடாது என்பது அவர் கொள்கை. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

காசு செலவில்லாதவையும் சில உண்டு. கிளட்ச், பிரேக் பிடிகள் முன்கையின் நேர்கோட்டில், சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கவேண்டும்; மேலே தூக்கியிருந்தால் மணிக்கட்டு ஓயாமல் மடங்கியே இருக்கும். ஒரு போல்ட்டைத் தளர்த்தித் திருப்பினால் போதும். பின்பையில் தடித்த பணப்பையை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். இடுப்பு ஒருபுறம் உயர்ந்து முதுகு கோணும். டயரின் காற்று அளவைக் கையேட்டைப் பார்த்து நிரப்புங்கள். என் வண்டிக்கு முன்சக்கரம் 25, பின்சக்கரம் 28. இருவர் ஏறினால் பின்சக்கரம் 32. கேட்காமலே 40 வரை அடித்துவிடும் கடைகள் உண்டு. அப்படி நிரப்பிய வண்டி சாலையின் ஒவ்வொரு கல்லையும் நம் முதுகெலும்பில் எழுதிக் காட்டும்.

காற்றைக் குறித்து நம் பகுதியாருக்கு நான் சொல்லித்தரவேண்டியதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் காவல்கிணற்றைத் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கித் திரும்பினால், முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று நம் மார்பில் வந்து மோதும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக வளர்கிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைப்போல நான்கு மடங்கு 80-இல் இருக்கும். நாம் 50-இல் ஓட்டும்போது எதிர்க்காற்று 40-இல் வீசினால், உடலுக்கு அது 90. கழுத்து வலிப்பதில் வியப்பென்ன? முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு பொருத்தலாம். ஆனால் சிறியதாக இருக்கட்டும். பெரியதாக இருந்தால் பக்கக்காற்றில் அது பாய்மரமாகி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும். அந்த மாதங்களில் என்னுடைய மருந்து வேறு: வேகத்தைக் குறைத்து, முழங்கைகளைத் தளர்த்தி, அரை மணி நேரம் முன்னதாகப் புறப்படுவது.

இவையெல்லாம் முன்னிருக்கையைப் பற்றியவை. நான் மெய்யாகவே சொல்ல விரும்பியது பின்னிருக்கையைப் பற்றி.

நம் உபதேசியாருக்கு வயது 63. இக்கிராமங்களில் முப்பது ஆண்டுகளாக உழைப்பவர். எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, எந்தத் தாயாரிடம் எந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லக்கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நான் வந்து மூன்றாண்டுகளே ஆகின்றன. வீட்டுச் சந்திப்புகளுக்கு அவர் என் பின்னே அமர்ந்து வருவதே வழக்கமாயிருந்தது. சில மாதங்களுக்கு முன்பு, "நான் பேருந்தில் வந்துவிடுகிறேன் ஐயா" என்று சொல்லத் தொடங்கினார். அவ்வூர்களுக்குப் பேருந்து எத்தனை முறை வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அவர் வந்து சேர்வதற்குள் சந்திப்பு முடிந்துவிடும். காரணம் கேட்டால் சிரித்து மழுப்புவார். அவர் வீட்டம்மா என் மனைவியிடம் சொன்னபின்பே விஷயம் தெரிந்தது: வண்டியைவிட்டு இறங்கும் நாட்களில் இரவெல்லாம் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம்.

பின்னால் அமர்பவருக்குரிய ஃபுட்ரெஸ்ட் பல வண்டிகளில் உயரமாகவே இருக்கிறது. ஆகவே முழங்கால் மிகக் குறுகலாக மடங்கியே இருக்கவேண்டும். ஃபுட்ரெஸ்டைக் கீழே இறக்குவது எளிதல்ல. சைலன்சரும் சட்டகமும் இடம் கொடா. இருக்கையை உயர்த்தலாம். முதலில் ஒரு துண்டை நாலாக மடித்துப் பின்னிருக்கையில் கட்டி, உபதேசியாரை அமர்த்தி வள்ளியூர் பேருந்து நிலையம் வரை போய்வந்தோம். "பரவாயில்லை ஐயா" என்றார். அவர் எதற்கும் பரவாயில்லை என்பவர். ஆகவே அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. இன்னொரு துண்டு வைத்துப் போனபோது, வழியில் அவராகவே பழைய காலத்துப் பனையேறிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அதுவே எனக்கு அடையாளம். அளந்து பார்த்தால் ஒன்றரை அங்குலம். அதையே குஷன் கடைக்காரரிடம் சொன்னேன்.

உயர்த்தியதால் வேறொரு தொல்லை வந்தது. காலைத் தூக்கிப்போட்டு ஏறுவது அவருக்குக் கடினமாயிற்று. இப்போது எங்கே போனாலும் ஒரு படியையோ திண்ணையையோ ஒட்டி வண்டியை நிறுத்துகிறேன். சில ஊர்களில் எங்களைக் கண்டதும் சிறுவர்கள் ஒரு சிமெண்டுக் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள். பின்புறம் ஒரு முதுகுத்தாங்கியும் பொருத்தினேன். பின் ஷாக் அப்சார்பரில் ஐந்து படிகள் உண்டு. தனியே போகும்போது இரண்டாவது. அவர் ஏறினால் சி ஸ்பேனரால் நான்காவது படிக்குத் திருப்பிவிடுவேன். இல்லாவிட்டால் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி அடிதட்டும். அந்த அடி பின்னால் இருப்பவருக்கே அதிகம். நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கி நடக்கிறோம். பருவத்தில் ராதாபுரம் சாலையோரம் பதநீர் கிடைத்தால் அதுவே எங்கள் சத்திரம்.

சென்ற மாதம் ஒரு வீட்டுக்குப் போனோம். பெயரையும் ஊரையும் எழுதுவதற்கில்லை. அயல்நாட்டுக்கு வேலைக்குப் போன மகன் அங்கேயே இறந்து, சரீரம் வந்துசேரப் பல வாரங்கள் ஆயின. அந்தத் தாயார் அன்றுமுதல் யாரிடமும் பேசுவதில்லை. நான் தனியே இருமுறை போயிருந்தேன், ஜெபித்தேன், அவர்கள் தலையசைத்தார்கள். இம்முறை உபதேசியார் தரையில் அமர்ந்துகொண்டு, "ஞாயிறு பள்ளிக்கு வரும்போது உன் மகன் சட்டைப்பை நிறையப் புளியங்கொட்டை வைத்திருப்பானே, அம்மா, நினைவிருக்கிறதா?" என்றார். அந்த அம்மாள் நெடுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்பு, "அதை அடுப்பில் வறுத்துத் தரச் சொல்லி அழுவான்" என்றார்கள். அதன்பின் இரண்டு மணி நேரம் பேசினார்கள். அழுகையும் வந்தது, ஒருமுறை சிரிப்பும் வந்தது. நாங்கள் ஒன்றும் உபதேசிக்கவில்லை. இருட்டும் வரை அங்கேயே இருந்தோம். திரும்பும்போது முழங்கால் எப்படி இருக்கிறது என்று உபதேசியாரைக் கேட்டேன். வழக்கம்போலப் பரவாயில்லை என்றார். ஆனால் மறுநாள் காலையில், இன்றைக்கு எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டு அவரே வந்து நின்றார்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: இரண்டு இருக்கைக்கும் சேர்த்து 1,900 ரூபாய், முதுகுத்தாங்கி தனி. சேகரப் பணத்திலிருந்து அல்ல. விலையுயர்ந்த பெரிய வண்டிகளை வாங்குங்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. இருக்கிற வண்டியே போதும்.

வருகிற ஞாயிறு இரண்டாம் ஆராதனைக்குப் பின் ஆலயத்தின் வடபுறத்து வேப்பமரத்தடியில் சி ஸ்பேனரோடும் காற்று அளவுமானியோடும் இருப்பேன். வண்டி வைத்திருப்போர் கையேட்டை எடுத்து வாருங்கள். வழக்கமாகப் பின்னால் அமர்ந்து வரும் மனைவியையோ தாயாரையோ தகப்பனாரையோ உடன் அழைத்து வாருங்கள். அவர்களை அமர்த்திப் பார்த்துத்தான் எந்தப் படியில் வைப்பது என்று சொல்லமுடியும்.