பதினாறாம் நம்பர் வண்டி

ஒரு வருஷம் முழுவதும் ஓடி, தேசத்திலேயே முதலாவதாக வந்து, கோப்பையையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன ஓட்டுநருக்கு மறு வருஷம் வண்டி இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? ஜெயித்தவனை வைத்துக்கொண்டு தோற்றவனை அனுப்புவதுதான் உலக வழக்கம். ஆனால் 2018-ம் வருஷக் கடைசியில் அமெரிக்காவில் இப்படி ஒரு காரியம் நடந்தது. அனுப்பியவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. போனவர் மேலும் ஒரு குற்றமும் இல்லை.

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் என் மாப்பிள்ளை. வட கரோலினாவில் சார்லட் என்னும் நகரத்தில் ஒரு பாங்கியில் அவருக்கு உத்தியோகம். 2025-ம் வருஷக் கோடைக்கு நான் அங்கே போயிருந்தேன். சொல்லி முடித்துவிட்டு, "இதை வைத்து நீங்க ஒரு நாவலே எழுதலாம், மாமா" என்றார். நாவல் என்றால் முடிவை மாற்றிவிடத் தோன்றும். ஆகையால் நடந்ததை நடந்தபடியே கட்டுரையாக எழுதிவிடுகிறேன்.

சார்லட்டைச் சுற்றியிருக்கும் பிரதேசத்துக்கு மோட்டார்ப் பந்தயம்தான் குலத்தொழில். வடக்கே கொஞ்ச தூரத்தில் மூர்ஸ்வில் என்று ஓர் ஊர்; அங்கே தெருவுக்குத் தெரு பந்தய வண்டிப் பட்டறைகள். இவர்கள் ஓட்டுவது 'ஸ்டாக் கார்'. கடையில் விற்பனைக்கு நிற்கிற சாதாரண வண்டி என்று பொருள். ஆதியில் அப்படித்தான் இருந்தது. மலைப்பக்கத்தில் கள்ளச்சாராயம் காய்ச்சி, போலீஸ்காரர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு இரவோடு இரவாக ஊருக்குள் கொண்டுவந்தவர்கள், தங்களில் யார் வண்டி வேகமானது என்று மற்ற நாட்களில் போட்டி போட்டார்கள். அந்த வழியில் வந்த பந்தயங்களையும் சேர்த்து ஒரு கட்டுக்குள் கொண்டுவந்தது 1948-ல் ஏற்பட்ட நாஸ்கார் சங்கம். இன்று ஸ்டாக் கார் என்ற பெயர்தான் மிச்சம். மேல் ஓடு மட்டும் கடை வண்டி மாதிரி; உள்ளே இருப்பதெல்லாம் பந்தயத்துக்கென்றே இழைத்துச் செய்த இரும்புக் குழாயும் எஞ்சினும்தான்.

டிரக் பந்தயம் என்றதும் நமக்கு மணல் லாரி ஞாபகம் வரும். அது அல்ல இது. அந்நாட்டுக் குடியானவர்கள் வைக்கோலும் உரமூட்டையும் ஏற்றிப் போகிறார்களே, பின்னால் திறந்த தொட்டியுள்ள வண்டி, அதன் சாயலில் செய்த பந்தய வண்டி. தொட்டியைத் தகடு போட்டு மூடியிருப்பார்கள். வீட்டு வாசலில் நிற்கிற அதே வண்டி பந்தயத்தில் ஓடினால் ஜனங்கள் விடுவார்களா? 1995-ல் தொடங்கிய இந்தப் போட்டி இன்று நாஸ்காரின் மூன்று தேசியப் போட்டிகளில் ஒன்று. அதற்குக் கீழே பிராந்தியப் போட்டிகள். அதற்கும் கீழே ஊருக்கு ஊர் சனிக்கிழமை ராத்திரிப் பந்தயம்.

அந்தக் கடைசிப் படியை என் கண்ணால் பார்த்தேன். ஹிக்கரி என்ற ஊரில் 1951-லிருந்து ஒரு சின்னப் பந்தயத் தடம் இருக்கிறது. சுற்றளவு அரை மைல்கூட இல்லை. "மாமா, உங்களுக்குச் சத்தம் ஒத்துக்காது" என்று மாப்பிள்ளை தயங்கினார். பேரப்பிள்ளையோ, "தாத்தா வரட்டும்ப்பா, காதுக்கு அடைப்பு வாங்கிக் குடுக்கலாம்" என்று எனக்காக வாதாடினான். அடைப்பையும் மீறி அந்த இரைச்சல் நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்து அதிர்ந்தது. ஆனால் எனக்குப் பிடித்தது பந்தயம் அல்ல. பந்தயத்துக்கு முன்னால் வண்டிகள் நிற்கிற இடம். ஒரு வண்டியின் அடியில் தகப்பனார் மல்லாந்து கிடந்தார். பெரிய பையன் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நோட்டில் ஏதோ கணக்கு எழுதினாள். அந்தத் தகப்பனார் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டதும், மாப்பிள்ளையை விட்டு ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன்: மேலே தேசியப் போட்டிக்குப் போக ஆசை இல்லையா?

மனிதர் சிரித்தார். "போனால் வீட்டை விற்கவேண்டும். விற்றாலும் நாலு பந்தயத்துக்குத்தான் வரும்" என்றார். நோட்டில் எழுதிக்கொண்டிருந்த அம்மாள் தலை நிமிரவில்லை.

இந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் மாப்பிள்ளை சொன்ன கதையின் கனம் எனக்கு முழுவதும் புரிந்தது.

ஷிகேயாகி ஹத்தோரி 1963-ல் ஜப்பானில் ஒகயாமாவில் பிறந்தவர். பந்தய ஓட்டுநராக வேண்டும் என்று தொண்ணூறுகளின் நடுவில் அமெரிக்கா போனார். இண்டி லைட்ஸ் என்ற இளநிலைப் போட்டியில் 1998-ல் இரண்டு பந்தயம் ஜெயித்தார். அந்த நம்பிக்கையில் மறு வருஷம் மேல்வகுப்புக்கு ஏறினார். ஏறின இடத்தில் தொடக்கப் பந்தயங்களிலேயே விபத்து. அதிகாரிகள் அவருடைய ஓட்டுநர் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். முப்பத்தைந்து வயது ஆனவரை, அத்தனை பேர் பார்க்க, நீ இதற்கு லாயக்கில்லை என்று இறக்கிவிடுவது சின்ன அவமானமா? நானாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஊர் திரும்பியிருப்பேன். அவர் திரும்பவில்லை. வேறு சங்கத்தின் பந்தயங்களில் ஓட்டினார். 2002-லும் 2003-லும் உலகப் பிரசித்தி பெற்ற இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்திலேயே கலந்துகொண்டார். 2005-ல் டிரக் பந்தயங்களிலும் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு, வண்டியின் சக்கரத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுச் சொந்தமாக ஓர் அணி ஏற்படுத்தினார். அது 2008.

தொடங்கிய இடம் நாஸ்காரின் கிழக்குப் பிராந்தியப் போட்டி. பின்னால் அதற்குக் காற்று வடிகட்டி செய்கிற கே அண்ட் என் கம்பெனியின் பெயர் வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே பந்தயத்தின் பெயரே பணம் கொடுக்கிறவருடையது. டிரக் போட்டிக்கு முதலில் கிராஃப்ட்ஸ்மன் என்ற கருவிக் கம்பெனியின் பெயர். 2009-லிருந்து கேம்பிங் வேர்ல்ட் என்ற கடையின் பெயர். 2023-ல் மறுபடியும் கிராஃப்ட்ஸ்மன். கோவிலில் டியூப் லைட் உபயம் செய்தவர் பெயரை லைட்டின் மேலேயே எழுதி, வெளிச்சம் பாதிதான் வருகிறது என்று நாம் கேலி செய்கிறோமே, இவர்கள் கோவிலுக்கே உபயதாரர் பெயரை வைத்துவிட்டார்கள்!

பிராந்தியப் பந்தயங்களில் ஹத்தோரியின் அணிக்கு 2012-லும் 2013-லும் ஓட்டியவர் பிரெட் மாஃபிட். ஐயோவா மாகாணத்துப் பிள்ளை. அப்போது இருபது வயது. இருவரும் பிரிந்தார்கள். மாஃபிட் மேலே போனார். 2015-ல் நாஸ்காரின் உச்சப் போட்டியில் சிறந்த புதுமுகம் என்ற பட்டம் கூட அவருக்குக் கிடைத்தது. பட்டம் கிடைத்தது, வண்டி கிடைக்கவில்லை! வேகம் இருந்தது, பின்னால் பணம் இல்லை. அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று கிடைத்த வண்டியில் ஏறி ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஹத்தோரியோ அவசரப்படாமல் படி ஏறிக்கொண்டிருந்தார். டொயோட்டா வண்டி, பதினாறாம் நம்பர், ஸ்காட் ஜிப்படெல்லி என்ற தலைமை மெக்கானிக். 2017-ல் ரையன் ட்ரூயெக்ஸ் டிரக் போட்டி முழுவதும் அந்த அணிக்கு ஓட்டினார், வெற்றி கிடைக்கவில்லை. மறு வருஷம் அவர் வேறு அணிக்குப் போனதும், ஹத்தோரி பழைய பிள்ளையைக் கூப்பிட்டார்.

2018 பிப்ரவரியில், அந்த வருஷத்தின் இரண்டாவது பந்தயத்திலேயே, அட்லாண்டாவில் மாஃபிட் ஜெயித்தார். டிரக் போட்டியில் அந்த அணிக்கு அதுதான் முதல் வெற்றி. ஜூன் மாதம் சொந்த மாகாணமான ஐயோவாவில் இன்னொன்று. இத்தனைக்கும் பிறகு அதே மாதக் கடைசியில், அடுத்ததாக சிகாகோ பக்கத்தில் நடக்கும் பந்தயத்துக்குப் போவதா வேண்டாமா என்று பட்டறையில் யோசனை. ஏன்? பணமில்லை. கடைசி நேரத்தில் ஒரு கம்பெனி கைகொடுக்க, புறப்பட்டுப் போனார்கள். அங்கே நடந்ததை நான் கதையில் எழுதியிருந்தால், பத்திரிகாசிரியர் "இது கொஞ்சம் அதிகம்" என்று அடித்திருப்பார். கடைசிச் சுற்றில் முன்னால் போய்க்கொண்டிருந்த வண்டிக்குப் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. பெட்ரோலுக்கும் டயருக்கும் காசில்லாமல் தவித்த வண்டி அதைத் தாண்டிப் போய் ஜெயித்தது!

அந்த 2018-ம் வருஷக் கடைசியில் எட்டுப் பேரில் தொடங்கி ஆறாக்கி, ஆறை நாலாக்கி, கடைசிப் பந்தயத்துக்கு நாலு பேரை நிறுத்தினார்கள். அந்த நாலு பேரில் யார் முன்னால் வருகிறாரோ அவருக்கே பட்டம். மாஃபிட்டுடன் நின்ற மூவரில் ஜானி சாட்டரும் ஜஸ்டின் ஹேலியும் ஒரே பெரிய அணியைச் சேர்ந்தவர்கள். நோவா கிராக்சன் இன்னொரு பெரிய அணி. நவம்பர் 16-ம் தேதி, மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் தடத்தில் ஓட்டம். நாலு பேரில் முதலாவதாக வந்தால் போதும். மாஃபிட் வந்தவர்கள் எல்லாரையும் பின்னே தள்ளிப் பந்தயத்தையே ஜெயித்தார். அந்த வருஷத்தில் அது ஆறாவது வெற்றி. முன்பு உரிமம் பறிபோன மனிதர் தேசியப் பட்டம் வென்ற அணியின் முதலாளியாக நின்றார்.

அப்புறம் வந்ததுதான் நான் முதலில் சொன்ன சங்கதி. சில வாரங்களுக்குள் 2019-க்கான ஏற்பாடு வெளியாயிற்று. பதினாறாம் நம்பர் வண்டியை ஓட்டப்போகிறவர் ஆஸ்டின் ஹில். அவருக்குப் பின்னால் ஆதரவுப் பணம் இருந்தது. மாஃபிட்டுக்குப் பின்னால் இல்லை.

"இது அநியாயம் இல்லையா?" என்று நான் மாப்பிள்ளையிடம் கேட்டேன். பாங்கிக்காரர் அல்லவா, "வேற வழி என்ன, மாமா? ஜெயிச்ச ஓட்டுநரை வெச்சுண்டு பட்டறையை மூடறதா, ஓட்டுநரை அனுப்பிட்டுப் பட்டறையைக் காப்பாத்தறதா? பத்துப் பதினைஞ்சு குடும்பம் அதை நம்பி இருந்திருக்குமே" என்றார். நியாயமான பேச்சுத்தான். இருந்தும் எனக்கு மனசு ஒப்பவில்லை. சிறு வயதில் எங்கள் ஊருக்கு வந்த நாடகக் கம்பெனியில் வசூல் குறைந்தால் முதலில் அடகுக் கடைக்குப் போவது ராஜபார்ட்டின் கிரீடம்தான். ஆனால் ராஜபார்ட் மறு நாளும் அட்டைக் கிரீடத்தோடு மேடையில் நிற்பார். இங்கே கிரீடத்தை வைத்துக்கொண்டு ராஜபார்ட்டை அல்லவா அனுப்பினார்கள்!

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். இதில் ஹத்தோரியைக் குறை சொல்ல என்னால் முடியாது. தொடர்கதை எழுதிப் பிழைத்தவன் நான். என் கதாநாயகி கண்ணீர் விட்ட பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் தலைவலித் தைலத்தின் விளம்பரம் இருந்தது; அந்தத் தைலம் விளம்பரத்தை நிறுத்தியிருந்தால் அவள் கண்ணீரை நான் இரண்டு வாரத்தில் துடைத்துவிட வேண்டி வந்திருக்கும். வாசகர்களின் கடிதம் மூட்டை மூட்டையாக வந்தாலும் அச்சுக்கூலியை அது கொடுக்காது. ஆனால் எழுத்தாளனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தொடர் நின்றால் வீட்டில் உட்கார்ந்து காகிதத்தில் எழுதலாம். வண்டி இல்லாத ஓட்டுநர் எதில் ஓட்டுவார்?

மாஃபிட் உட்கார்ந்துவிடவில்லை. ஹோம்ஸ்டெட்டில் தம்மோடு மோதிய சாட்டரும் ஹேலியும் இருந்த அந்தப் பெரிய அணியே 2019-க்கு அவரைச் சேர்த்துக்கொண்டது. ஹில்லும் லேசுப்பட்டவர் அல்ல. பணத்தோடு வந்தவர் என்று ஏளனமாகப் பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். 2019 பிப்ரவரியில் டேடோனாவில் நடந்த முதல் பந்தயத்திலேயே பதினாறாம் நம்பரை ஜெயிக்க வைத்தார். அணி பிழைத்தது. ஹில் 2021 வரை அதிலே இருந்து பல வெற்றிகள் தேடிக்கொடுத்தார்.

2025 ஏப்ரலில், நான் அமெரிக்கா போய்ச் சேருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஹத்தோரி காலமானார். பந்தயத் தடத்தில் அல்ல. சார்லட்டுக்கு வடக்கே ஹண்டர்ஸ்வில் பக்கம், சாதாரண சாலையில் நடந்த ஒரு மோட்டார் விபத்தில். வயது 61. மாப்பிள்ளை எனக்குக் கதை சொல்ல ஆரம்பித்ததே அந்தச் செய்தியிலிருந்துதான். ஒரு நாள் மூர்ஸ்வில்லுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பட்டறைகள் எல்லாம் வெளிப்பார்வைக்கு நம் ஊர் நெல் கிடங்கு மாதிரி இருக்கின்றன. தகரக் கூரை, பெரிய கதவு, வாசலில் புல்தரை. ஒரு பட்டறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நாலைந்து பையன்கள் ஓட்டுநர் இல்லாத வண்டி ஒன்றை நிறுத்திவைத்து, சக்கரத்தைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். வண்டியின் பக்கவாட்டில் நம்பர் எழுதியிருந்தது. உபயதாரர் பெயர் வருகிற இடம் மட்டும் வெறும் வெள்ளையாக இருந்தது.