முழுப்பேரும் அரைப்பேரும்

ஆகஸ்ட் 9, சனி. எல்ல

அம்மா கோச்சியில் ஏறி எட்டு வருடமாகிறது. பதுளையிலிருந்து எல்லவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஹாலிஎலையைத் தாண்டியதும் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, "காஞ்ச காத்து அடிக்குது. கொழுந்து கொஞ்சமாத்தான் வரும், ஆனா தூள் மணக்கும்" என்றாள். முப்பத்தெட்டு வருடம் கூடை சுமந்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தென்மேல் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, வறண்டு போய்த்தான் ஊவாவுக்குள் நுழைகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை எடுக்கும் கொழுந்தில்தான் ஊவாத் தேயிலையின் பேர்போன மணம் இறங்குகிறது.

வெளிநாட்டுக்காரர் சாப்பிடும் கடையில் ஒருநாள் உட்கார வேண்டும் என்பது அம்மாவின் பலநாள் ஆசை. இன்று நிறைவேறியது. மரக்கறியும் வாசனைத் திரவியமும்தான் தங்கள் சிறப்பு என்று பலகையிலேயே எழுதியிருந்த கடை. சோறும் ஏழு கறியும் சொன்னோம். அவர்களுடைய 'விசேஷம்' இரண்டும் கேட்டோம்: கறுவாத்தூள் தூவிச் சுட்ட பூசணி, மிளகும் ஏலக்காயும் போட்டு வதக்கிய கரட்.

விசேஷம்தான் முதலில் வந்தது. அம்மா ஒரு துண்டு கரட்டை வாயில் போட்டு மென்றாள்.

"ஏலக்காய் இருக்கு. கரட்டைக் காணோமேடா?"

வெலிமடைப் பக்கத்துக் கரட்டாகத்தான் இருக்கும். பச்சையாகக் கடித்தாலே இனிக்கிற சாமான். பூசணியைப் பார்த்து, "இது பாயாசத்துக்குப் போக வேண்டியது, வழி தவறி வந்துருச்சு" என்றாள். பக்கத்து மேசைக்காரர்கள் அதையே படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கறிகள் வந்தன. பொலொஸ் கறி, அதாவது பிஞ்சுப் பலாக்காய், கறுத்து எண்ணெய் மினுங்க இருந்தது. அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். அது எனக்குத் தெரிந்த அடையாளம். "தூளை நல்லா வறுத்துப் போட்டிருக்கு. கொறக்காப் புளி. கறுவாப் பட்டை ஒரு துண்டு, அவ்வளவுதான். விறகடுப்பு" என்று விரல் மடக்கினாள். போஞ்சிக் கறியில் தூளே இல்லை. தேங்காய்ப்பால், மஞ்சள், வெந்தயம், ரம்பை. கத்தரிக்காய் மோஜுவில் கடுகும் வினாகிரியும் சீனியும். வல்லாரைச் சம்பலில் சின்ன வெங்காயமும் தேசிக்காயும் மட்டும். ஏழு கறிக்கும் ஏழு வாசம்.

சமைத்த பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று அம்மா அடம்பிடித்தாள். முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள் ஒரு பெண்.

"எந்தத் தோட்டம் பிள்ளை?"

"பசறைப் பக்கம் பாட்டி."

"பொலொஸ் நீ போட்டதா?"

"ஆமா பாட்டி. கரட், பூசணி அவங்க எழுதிக் குடுத்தபடி செய்யிறது."

ஆகஸ்ட் 10, ஞாயிறு. பதுளை

காலையில் அம்மா உரலை எடுத்துவிட்டாள். கருக வறுத்த தேங்காய், செத்தல் மிளகாய், பூண்டு, உப்பு. இடிசம்பல். ரொட்டியோடு மலைக்குக் கட்டிக்கொண்டு போவதற்கென்றே லயத்தில் இடித்தது. ஈரம் இல்லாததால் நாலைந்து நாள் கெடாது.

நான் வளர்ந்த லயன் காம்பராவில் மிளகாய் ஒன்றே மசாலா. தடிமன் பிடித்தால் மிளகு. தீபாவளி ஆட்டுக்கறிக்குக் கறுவா, ஏலம், கராம்பு. யோசித்தால் மிளகாய்தான் வந்தேறி. போர்த்துக்கேயர் காலத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தது. தமிழ், மிளகின் பெயரை நீட்டி அதற்கு வைத்தது. சிங்களத்தில் கதை தலைகீழ்: புதிதாக வந்தது 'மிரிஸ்' ஆகிவிட, பழைய மிளகு 'கம்மிரிஸ்', ஊர் மிளகு என்று அடைமொழி தேடிக்கொண்டது. மலிவாகக் கிடைத்த வந்தேறிதான் லயத்து அடுப்பைக் காப்பாற்றியது.

கையில் சரக்குக் கொஞ்சமாக இருந்ததால் எதை எதில் போடுவது என்று அம்மா யோசித்தாள். வெந்தயம் எண்ணி விழும். மலையேறி வரும் தேங்காய்க்கு விலை அதிகம். ஒரு மூடியில் சம்பலும் ஆகும், பாலும் ஆகும். அந்த யோசனைதான் பசறைப் பிள்ளையின் கையிலும் இருந்தது. கடைக்காரரிடம் அலுமாரி நிறைய வாசனைத் திரவியம் இருக்கிறது; அதனாலேயே கரட்டைக் காணவில்லை.

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே அம்மா நேற்றைய பில்லைக் கேட்டாள். மறைத்துப் பார்த்தேன், விடவில்லை. 2,900 ரூபாய் என்றேன். தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ஆனது.

"ரெண்டு பேரு போச்சு."

ஒருநாள் வேலைக்குச் செக்ரோலில் விழும் பதிவைத்தான் தோட்டத்தில் 'பேர்' என்பார்கள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். அம்மா அந்தக் கணக்கில்தான் இன்னும் உலகத்தை நிறுக்கிறாள். கொஞ்சநேரம் மென்றுவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்:

"பொலொஸுக்கு முழுப்பேரு போடலாம். கரட்டுக்கு அரைப்பேரு."